பேச்சு ஏன் கடைசி வரிசையில் குழைந்துபோகிறது?

பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று உரைத்தொடரை அறிவிக்கும்போது பேச்சாளர், தலைப்பு, நாள், அரங்கம் ஆகிய நான்கும் அறிவிப்பில் இருக்கும். முதல் மூன்றையும் முடிவுசெய்ய வாரக்கணக்கில் கடிதங்கள் போய்வரும். அரங்கத்துக்கு மட்டும் ஒரே கேள்விதான்: எத்தனை பேர் உட்காரலாம்? அங்கே பேசினால் புரியுமா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆய்வுரை என்பது கேட்பவர் இதுவரை அறியாத சொற்கள் நிறைந்தது. பழகிய பேச்சில் ஒரு சொல் தவறினால் முன்பின் வைத்து ஊகித்துவிடலாம். புதிய கலைச்சொல் தவறினால் ஊகிக்க வழியில்லை. அதனால் மற்ற எந்தப் பேச்சைவிடவும் ஆய்வுரைக்குத்தான் தெளிவான அரங்கம் தேவை.

பின்வரிசையிலிருந்து “கேட்கவில்லை” என்று குரல் வந்ததும் ஒலியளவைக் கூட்டுவது வழக்கம். பல அரங்குகளில் அதனால் ஒரு பயனும் இராது. அங்கே இருக்கும் குறை ஒலி போதாமை அல்ல. வந்த ஒலி போகாமை.

பேச்சாளரின் வாயிலிருந்து கிளம்பும் ஒலி 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு 343 மீட்டர் போகிறது. 14 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு நேராக வரும் ஒலி 41 மில்லிநொடியில் சேர்ந்துவிடும். தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் நேரொலி 6 டெசிபெல் (ஒலியளவின் அலகு) குறையும் என்பதால், ஒரு மீட்டரில் 60 டெசிபெல்லாக இருந்த சாதாரணப் பேச்சு அங்கே 37 டெசிபெல்தான். ஆனாலும் அவருக்குச் சத்தம் நன்றாகவே கேட்கும். கூரை, தரை, பக்கச்சுவர்கள், பின்சுவர் எல்லாம் அதே பேச்சின் பிரதிகளை அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் காரணம். நல்லதும் கெட்டதும் இந்தப் பிரதிகளில்தான் இருக்கின்றன.

நேரொலி வந்து 50 மில்லிநொடிக்குள் சேரும் பிரதியை மூளை நேரொலியோடு சேர்த்து ஒரே ஒலியாக எடுத்துக்கொள்கிறது. அதாவது 17 மீட்டருக்குள் கூடுதல் வழி நடந்து வந்த பிரதிபலிப்பு பேச்சுக்குத் துணை. அதற்குப் பிறகு வருவது அடுத்த எழுத்தின் மேல் விழுகிறது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து நீடிக்கும் ஒலியைத்தான் எதிர்முழக்கம் என்கிறோம். மூல ஒலி நின்ற பிறகு அதன் அளவு 60 டெசிபெல் குறைய, அதாவது ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காக, எவ்வளவு நேரம் ஆகிறதோ அதுவே அந்த அறையின் எதிர்முழக்க நேரம்.

பேச்சில் நொடிக்கு ஏறத்தாழ ஐந்து அசைகள் வரும். ஓர் அசைக்கு 200 மில்லிநொடி. எதிர்முழக்க நேரம் 1.6 நொடி உள்ள அரங்கில் 200 மில்லிநொடியில் முந்தைய அசையின் ஒலி ஏழரை டெசிபெல்தான் குறைந்திருக்கும். உயிரொலிகள் ஓங்கியவை, மெய்களில் சில அவற்றைவிட 20 டெசிபெல்லுக்கும் மேல் தாழ்ந்தவை. ஆகவே முந்தைய உயிரின் மிச்சம் அடுத்த மெய்யை மூழ்கடித்துவிடும். கணித உரையில் “பட்டம்”, “கட்டம்”, “வட்டம்”, “சட்டம்” எல்லாம் பின்வரிசையில் “ட்டம்” என்றே போய்ச் சேரும். ஒலியளவைக் கூட்டினால் மெய்யும் மிச்சமும் ஒரே அளவு கூடும், இடைவெளி மாறாது. எதிர்முழக்க நேரம் 0.6 நொடியாக இருந்தால் அதே 200 மில்லிநொடியில் 20 டெசிபெல் குறைந்து, மெய்க்கு இடம் கிடைக்கும். அமெரிக்க வகுப்பறை ஒலித்தரம் 283 கனமீட்டருக்கு உட்பட்ட அறைக்கு 0.6 நொடியையே வரம்பாக வைத்திருக்கிறது. பெரிய விரிவுரை அரங்குக்கு 0.8 நொடி அளவை இலக்காகக் கொள்ளலாம்.

இந்தத் துறை பிறந்ததே ஒரு பல்கலைக்கழக விரிவுரை அறையின் தோல்வியிலிருந்துதான். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலை அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை அறையில் பேச்சு புரியவே இல்லை. ஒரு சொல் ஐந்தரை நொடிவரை காதில் நின்றது; நிதானமாகப் பேசுபவர்கூட அதற்குள் மேலும் பன்னிரண்டு முதல் பதினைந்து அசைகள் பேசிவிடுவார். அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் கிளெமென்ட் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. 512 ஹெர்ட்ஸ் ஆர்கன் குழாய், நேரம் பதியும் கருவி, தன் காது ஆகியவையே அவருடைய கருவிகள். நகர ஓசை அடங்கிய நள்ளிரவுகளில், பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்து, ஒவ்வொரு முறையும் ஒலி மறையும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் கூடக்கூட நேரம் குறைந்தது. எல்லாவற்றையும் பரப்பியபோது ஒரு நொடிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு வந்தது. அந்த எண்களிலிருந்து அவர் எடுத்த சூத்திரம் இன்றும் கட்டட ஒலியியலின் முதல் பாடம். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்ஃபனி ஹால் அதன் துணையோடு கட்டப்பட்டது.

சூத்திரம் எளியது. எதிர்முழக்க நேரம் = 0.161 × அறையின் கன அளவு ÷ மொத்த உறிஞ்சல். கன அளவு கனமீட்டரில், உறிஞ்சல் சதுரமீட்டரில். ஒவ்வொரு பரப்பின் சதுரமீட்டரையும் அதன் உறிஞ்சல் எண்ணால், அதாவது மேலே விழும் ஒலியில் அது விழுங்கும் பங்கால், பெருக்கிக் கூட்டினால் மொத்த உறிஞ்சல் கிடைக்கும். திறந்த சன்னலுக்கு எண் 1. பூசிய சுவருக்கு 0.03 அளவு.

15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள அரங்கை எடுத்துக்கொள்வோம். கன அளவு 600 கனமீட்டர், மொத்தப் பரப்பு 500 சதுரமீட்டர். எல்லாமே பூசிய சுவரும் கல் தரையும் என்றால் உறிஞ்சல் 15 சதுரமீட்டர். எதிர்முழக்க நேரம் 6.4 நொடி. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் உடையோடு சேர்த்து ஏறத்தாழ 0.45 சதுரமீட்டர் உறிஞ்சுவார். நூறு பேர் வந்தால் 45 கூடி 60 ஆகும், நேரம் 1.6 நொடிக்கு இறங்கும். அதை 0.8 ஆக்க உறிஞ்சலை இரட்டிக்க வேண்டும், இன்னும் 60 சதுரமீட்டர். 0.7 எண் உள்ள உறிஞ்சு பலகைகள் என்றால், அவை மறைக்கும் சுவரின் 0.03ஐக் கழித்து, 90 சதுரமீட்டர் பதிக்க வேண்டும்.

கூட்டம் குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும். பலகை பதிக்காத அரங்குக்கு இருபது பேர் மட்டும் வந்தால் நேரம் 4 நொடிக்கு ஏறுகிறது. பதித்த அரங்கில் அதே இருபது பேருக்கு 1.15 நொடிதான். ஆள் வராத இருக்கையும் உறிஞ்ச வேண்டுமானால் மெத்தை வைத்த இருக்கை வேண்டும். மர, பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாக இருக்கும்போது ஏறக்குறைய ஒன்றும் உறிஞ்சுவதில்லை.

எவ்வளவு பதிக்கிறோம் என்பதைவிட எங்கே பதிக்கிறோம் என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கூரை முழுக்கப் பலகை அடித்துவிடுவது மிகப் பரவலான பிழை. மேடைக்கு முன்னுள்ள கூரையின் நடுப்பகுதிதான் பேச்சை 50 மில்லிநொடிக்குள் பின்வரிசைக்குத் திருப்பி அனுப்பும் நல்ல கண்ணாடி. அதை மூடினால் நேரம் குறையும், கூடவே உதவும் ஒலியும் போய்விடும். முதலில் கவனிக்க வேண்டியது பின்சுவர். நம் 15 மீட்டர் அரங்கில் பேச்சாளரின் குரல் அங்கே மோதித் திரும்ப 30 மீட்டர், அதாவது 87 மில்லிநொடி. முன்வரிசைக்கும் பேச்சாளருக்கும் அது தனி எதிரொலியாகவே கேட்கும். தன் குரலே பின்னால் துரத்துவதால் பேச்சாளர் தடுமாறுவார். ஆகவே பின்சுவரின் 40 சதுரமீட்டர் முழுவதும் பலகை. மீதி 50 கூரையின் ஓரங்களிலும் பக்கச்சுவர்களின் மேற்பாதியிலும். சபைனின் சூத்திரம் ஒலி எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதாகக் கொள்கிறது. உறிஞ்சுபொருளை ஒரே பரப்பில் குவித்தால், எதிரெதிரான வெற்றுச் சுவர்களுக்கிடையே ஒலி அலைந்துகொண்டே இருந்து, உண்மை நேரம் கணக்கைவிட நீளும். நடுவில் நின்று கைதட்டினால் “டர்ர்ர்” என்று ஓர் அதிர்வு கேட்டால் இதுதான் நடக்கிறது.

பொருளும் முக்கியம். நுண்துளைப் பொருள்கள் காற்றின் அசைவைத் தடுத்து ஒலியை வெப்பமாக்குகின்றன. சுவரை ஒட்டிக் காற்று அசைவதில்லை. அலைநீளத்தின் கால் பங்குத் தொலைவில்தான் மிக வேகமாக அசைகிறது. 500 ஹெர்ட்ஸின் அலைநீளம் 69 செண்டிமீட்டர், கால் பங்கு 17. அதனால்தான் மெல்லிய தரைவிரிப்பு உயர் அதிர்வெண்களை மட்டும் விழுங்கி, கீழ் அதிர்வெண்களை அப்படியே விட்டுவிடுகிறது. மெய்கள் மங்கும், முழக்கம் நிற்கும். விரித்த பிறகு பேச்சு முன்பைவிட மோசமாவதும் உண்டு. 5 செண்டிமீட்டர் கனமுள்ள கண்ணாடியிழை அல்லது பாறையிழைப் பலகையைச் சுவரிலிருந்து 5 முதல் 10 செண்டிமீட்டர் தள்ளிப் பொருத்தினால், அதே பொருள் கீழ் அதிர்வெண்களிலும் வேலை செய்யும். முட்டை அட்டைகளை ஒட்டுவது வீண். அவை மெலிந்தவை, நடுக்கீழ் அதிர்வெண்களில் உறிஞ்சல் மிகக் குறைவு.

இரைச்சலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு பின்னணியைவிட 15 டெசிபெல்லாவது மேலே இருக்க வேண்டும். ஆளில்லாத அறையில் 35 டெசிபெல்லுக்குள் என்பது மேற்சொன்ன அமெரிக்க வகுப்பறைத் தரத்தின் வரம்பு. குளிர்சாதனத்தின் ஊதல், மின்விசிறி, தலைக்கு மேலுள்ள புரொஜெக்டர் மூன்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

இனி மைக். ஒவ்வொரு அறையிலும் ஒரு தொலைவு உண்டு: அதற்குள் நேரொலி மேலோங்கும், அதற்கப்பால் எதிர்முழக்கம். 1.6 நொடி உள்ள நம் அரங்கில் பேசுபவரின் குரலுக்கு அது ஒன்றரை மீட்டர், 0.8 நொடியில் 2.2 மீட்டர். மைக் இந்த எல்லைக்கு வெகு உள்ளே இருக்க வேண்டும். தலையில் அணியும் மைக் வாயின் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று செண்டிமீட்டர்; சட்டையில் குத்துவது தாடைக்குக் கீழே ஒரு சாண். பேச்சு மேடையில் நிலையாக நிற்கும் மைக்கிலிருந்து பேச்சாளர் திரைப்பக்கம் திரும்பிய கணமே ஒலி சரிந்துவிடும். படங்களைக் காட்டிப் பேசும் உரைக்கு அது பொருந்தாது.

மைக் ஊளையிடுவது ஏன்? ஸ்பீக்கர் ஒலி மைக்கில் புகுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்குப் போகிறது. ஒரு சுற்றில் ஏதாவது ஓர் அதிர்வெண் தொடங்கியதைவிடப் பெரிதாகத் திரும்பினால், அந்த அதிர்வெண் சில சுற்றுகளில் ஊளையாகிவிடும். ஸ்பீக்கர்கள் பேச்சாளருக்கு முன்னால், மக்களை நோக்கி இருக்க வேண்டும். மைக்கை 40 செண்டிமீட்டரிலிருந்து 10க்குக் கொண்டுவந்தால் 12 டெசிபெல் ஆதாயம். பெருக்கத்தை அவ்வளவு குறைத்துக்கொள்ளலாம். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிக்கும்போது ஊளை வருமுன் ஒலியைக் கூட்டக் கிடைக்கும் இடம் 3 டெசிபெல் சுருங்கும். நால்வர் உட்காரும் கலந்துரையாடலில் பேசாதவரின் மைக்கை மூடிவைப்பதே பெரிய உதவி. மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால், பின்பக்க ஒலியைத் தள்ளிவிடும் அதன் திசைத்திறன் கெட்டு, உடனே ஊளை கிளம்பும்.

நீண்ட அரங்குகளில் நடுவழியில் இரண்டாம் இணை ஸ்பீக்கர் வைப்பார்கள். முன்னதிலிருந்து 17 மீட்டர் தள்ளி வைத்தால், மின்சாரத்தில் சமிக்ஞை உடனே வந்துவிடும். முன் ஸ்பீக்கரின் ஒலியோ 50 மில்லிநொடி கழித்து வரும். தாமதம் வைக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரட்டையாகும். 50 மட்டும் வைத்தாலும் போதாது; இன்னும் 10, 15 சேர்த்து 60 முதல் 65 வைக்க வேண்டும். முதலில் வரும் ஒலியின் திசையையே காது பேச்சின் திசையாக எடுத்துக்கொள்ளும் என்று ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் 1949இல் காட்டினார். அதனால் அருகிலுள்ள ஸ்பீக்கரே உரத்து ஒலித்தாலும், பேச்சு மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும்.

இணையவழியில் கேட்பவருக்குத் தனிக் கவனம் வேண்டும். அரங்கில் இருப்பவர் இரு காதால் கேட்டு, திசை வேறுபாட்டைக் கொண்டு எதிர்முழக்கத்தின் ஒரு பகுதியை ஒதுக்கிவிடுகிறார். ஒற்றை மைக் வழியே வரும் ஒலியில் அந்த வேறுபாடு அழிந்துபோகிறது. ஆகவே நேரில் தெளிவாக இருந்த உரையே பதிவில் கிணற்றிலிருந்து வருவதுபோல் இருக்கும். மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் மடிக்கணினியின் மைக்கை நம்பக்கூடாது. மைக்குகளின் ஒலியைக் கலந்து அனுப்பும் மிக்சரின் துணை வெளியீட்டிலிருந்து கம்பிவழி கணினிக்குக் கொடுக்க வேண்டும். அந்த வெளியீட்டில் தொலைவிலிருப்பவரின் குரலைச் சேர்க்காமல் மற்ற எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அவர் தன் குரலையே தாமதமாகக் கேட்பார். அரங்கில் அதே கூட்டத்தில் இணைந்துள்ள மற்றக் கணினிகளின் மைக்கும் ஸ்பீக்கரும் மூடியிருக்கட்டும். கேள்விநேரத்துக்கு ஒரு கைமைக் சுற்றிவர வேண்டும். முடியாவிட்டால் பேச்சாளர் கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்க வேண்டும்.

உரைக்கு முந்தைய நாள் காலி அரங்கில் ஒரு பலூனை உடைத்துப் பதிவுசெய்யுங்கள். முழு 60 டெசிபெல் சரிவைப் பார்க்க இரைச்சல் விடாது. உச்சத்திலிருந்து 5 டெசிபெல் குறைந்த இடம் தொடங்கி 25 குறைந்த இடம் வரையான நேரத்தை மூன்றால் பெருக்கினால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். அதிலிருந்து உறிஞ்சலைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, ஆளுக்கு 0.45 கூட்டினால் மறுநாள் நிலைமை தெரியும். பிறகு மேடையிலிருந்து ஒருவர் ஐம்பது தனிச் சொற்களைத் தொடர்பின்றி வாசிக்கட்டும். பின்மூலையிலும், மாடத்துக்கு அடியிலும், குளிர்சாதனத்துக்குக் கீழும் உட்கார்ந்தவர்கள் எழுதட்டும். விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்தி வேறு ஐம்பது சொற்களோடு மறுபடி செய்யுங்கள். பிழைகள் குறைந்தால் குற்றம் இரைச்சலில். குறையாமல் மெய்களே மாறி வந்தால் எதிர்முழக்கத்தில்; அப்போது ஒரே நாளில் செய்யக்கூடியது, மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவந்து, ஸ்பீக்கர்களைச் சுவரையும் கூரையையும் நோக்காமல் இருக்கைகளை நோக்கிச் சாய்த்து, பேச்சாளரைச் சற்று நிதானமாகப் பேசச் சொல்வது.