பிறந்த ஊரும் சொந்த ஊரும்: கிரீன் கார்டு வரிசையில் பலர் கவனிக்காத ஒரு விதி

அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்க உரிமை தரும் கிரீன் கார்டுக்காக எங்கள் அலுவலகத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்களிடம் "எங்கே பிறந்தீர்கள்?" என்று கேட்டால், பலரும் சொந்த ஊரைத்தான் சொல்கிறார்கள். 2021-ல் வந்த ஒரு தம்பதியும் அப்படித்தான். கணவர் கோவையில் பிறந்தவர், மென்பொருள் பொறியாளர். வேலைவாய்ப்பு வழியில் உயர்பட்டம் பெற்றவர்களுக்கான இபி-2 பிரிவில், 2013-ஆம் ஆண்டின் முன்னுரிமைத் தேதியோடு (வரிசையில் இடம் பிடித்த நாள்) எட்டு ஆண்டுகளாகக் காத்திருந்தார். மூத்த மகனுக்கு 20 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 21 ஆகிவிட்டால் பெற்றோரின் விண்ணப்பத்தில் பிள்ளைக்கு இடம் இருக்காது. அந்தப் பயம்தான் அவர்களை என்னிடம் அழைத்து வந்தது.

மனைவியிடம் கேட்டேன். "திருநெல்வேலி" என்றார். "பிரசவம் நடந்ததும் அங்கேதானா?" என்று மறுபடியும் கேட்டேன். "இல்லை, அப்பா அப்போது குவைத்தில் வேலை பார்த்தார். நான் பிறந்தது அங்கே. எனக்கு மூன்று வயதில் ஊருக்கு வந்துவிட்டோம்" என்றார். பாஸ்போர்ட்டிலும் பிறந்த இடம் குவைத் என்றே அச்சாகியிருந்தது. அத்தனை ஆண்டுகளாக எல்லோரும் கணவரின் தாள்களை மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று புரிய, வரிசை எப்படி நகர்கிறது என்று தெரிய வேண்டும். வேலைவாய்ப்பு வழியில் அமெரிக்கா ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 நிரந்தரக் குடியேற்ற விசாக்களைத் தருகிறது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த அளவு அது. எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. இபி-2 பிரிவுக்கு ஏறத்தாழ 40,000 என்றால், இந்தியாவின் பங்கு சுமார் 2,800. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அந்த எண்ணிக்கைக்குள்தான். மற்ற நாட்டினர் பயன்படுத்தாமல் விட்டது சில ஆண்டுகளில் கூடுதலாகக் கிடைக்கும். அதை நம்பித் திட்டமிட முடியாது.

இங்கே நாடு என்பது பிறந்த நாடு. குடியுரிமை கணக்கில் வராது. கனடாவின் குடியுரிமை பெற்றுவிட்டால் வரிசை மாறிவிடும் என்று நம்பி வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கணவன் மனைவியைப் பிரித்துவிடக் கூடாது என்பதற்காக, இருவரில் ஒருவர் பிறந்த நாட்டின் கணக்கில் மற்றவரும் சேர்ந்துகொள்ளலாம். குவைத்தில் பிறந்த மனைவியால் கோவைக் கணவர் இந்திய வரிசையிலிருந்து வெளியே வந்தார். இந்தியா, சீனா தவிர்த்த பெரும்பாலான நாடுகளுக்கு இபி-2 பிரிவில் அப்போது காத்திருப்பே இல்லை. சில வாரங்களில், கிரீன் கார்டு கோரும் ஐ-485 விண்ணப்பத்தைக் குடும்பமாகத் தாக்கல் செய்தோம். மகனும் அதில் இருந்தான். 2022 இறுதியில் அந்த நாடுகளுக்கும் தேதி வரம்பு வந்தது. இருந்தாலும் இந்திய வரிசையோடு ஒப்பிட்டால் அந்தக் காத்திருப்பு மிகச் சிறியது.

இந்தச் சலுகை குழந்தையிடமிருந்து பெற்றோருக்குப் போகாது. சிங்கப்பூரில் பிறந்த மகளால் சென்னையில் பிறந்த அப்பாவின் வரிசை மாறாது.

யாரெல்லாம் தங்கள் தாள்களை எடுத்துப் பார்க்க வேண்டும்? வளைகுடா நாடுகளிலோ மலேசியாவிலோ பிறந்து, இந்தியப் பாஸ்போர்ட்டோடு வளர்ந்தவர்கள். இலங்கையில் பிறந்தவர்களும் பார்க்க வேண்டும். குறிப்பாக, 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத்திலிருந்து நீலகிரிக்கும் பிற மாவட்டங்களுக்கும் வந்த குடும்பங்களை நினைக்கிறேன். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பிறந்து கைக்குழந்தையாக வந்தவர்கள், விசாக் கணக்கில் இலங்கையில் பிறந்தவர்கள்தான். அவர்களில் சிலருக்குப் பள்ளிச் சான்றிதழில் பிறந்த ஊராகக் கோத்தகிரி என்று எழுதப்பட்டிருக்கும். பள்ளியில் சேர்த்தபோது யாரோ நல்லெண்ணத்தில் எழுதியது. விண்ணப்பத்துக்கு முன் அந்த முரண்பாட்டைச் சரிசெய்துவிட வேண்டும். இலங்கைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்க முடியும்.

பிள்ளையின் வயதைப் பற்றி ஒரு வார்த்தை. மனு பரிசீலனையில் கிடந்த நாட்களை வயதிலிருந்து கழித்துக்கொள்ள 2002-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. விசா எண் கிடைத்த பிறகு ஓராண்டுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். 21 ஆகிவிட்டதே என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள்.

வேலைவாய்ப்பு வழியில் பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பெர்ம் எனப்படும் தொழிலாளர் சான்றிதழுக்கான செலவையும் அதற்கான வழக்கறிஞர் கட்டணத்தையும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது 2007 முதல் உள்ள விதி. அதை ஊழியரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதும், திருப்பிக் கேட்பதும் விதிமீறல்.

இனி குடும்ப வழி. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குக் குறைந்த மணமாகாத பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. பெற்றோரை அழைக்க, அழைக்கும் மகனுக்கோ மகளுக்கோ 21 வயது ஆகியிருக்க வேண்டும். அம்மா அப்பாவை அழைத்தால் கல்லூரியில் படிக்கும் தம்பியும் கூடவே வந்துவிடுவான் என்று பலர் நினைக்கிறார்கள். வர முடியாது. பெற்றோர் கிரீன் கார்டு பெற்ற பிறகு அவனுக்குத் தனி மனு போட வேண்டும், அதற்குத் தனி வரிசை.

என்னை மிகவும் வருத்திய வழக்கு ஒன்று இந்தக் குடும்ப வழியில்தான் வந்தது. ஒரு தந்தை 2012-ல் கிரீன் கார்டு பெற்றார். அதே ஆண்டு மதுரையில் இருந்த மணமாகாத மகளுக்கு எஃப்2பி பிரிவில் (கிரீன் கார்டு வைத்திருப்பவரின் 21 வயது கடந்த மணமாகாத பிள்ளைகளுக்கானது) மனு போட்டார். மகளுக்கு நல்ல வரன் அமைந்தது. 2017 தை மாதம் திருமணம் முடிந்தது. கிரீன் கார்டு வைத்திருப்பவர், மணமான மகளை அழைக்கச் சட்டத்தில் பிரிவே கிடையாது. தாலி ஏறிய அன்றே அந்த மனு செத்துவிட்டது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. தந்தை 2018-ல் குடியுரிமை பெற்றுவிட்டு, மகளின் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வந்தபோதுதான் நான் சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் குடியுரிமை உறுதிமொழி எடுத்த பிறகு திருமணம் நடந்திருந்தால், அதே மனு, குடியுரிமை பெற்றவரின் மணமான பிள்ளைகளுக்கான எஃப்3 பிரிவுக்கு மாறி 2012-ஆம் ஆண்டுத் தேதி அப்படியே நின்றிருக்கும். ஓராண்டுத் தள்ளிவைப்பு போதுமானதாக இருந்தது. (மண்டபத் திருமணத்துக்கு முன்பே சத்தமில்லாமல் செய்துகொள்ளும் பதிவுத் திருமணமும் திருமணம்தான். "முகூர்த்தம் பிறகுதானே" என்பதை அதிகாரிகள் ஏற்பதில்லை.)

தந்தை என் மேசைக்கு எதிரே வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, உறவினரை அழைப்பதற்கான ஐ-130 படிவத்தைப் புதிதாக நிரப்பினோம். அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். 2018-ஆம் ஆண்டுத் தேதியோடு எஃப்3 வரிசையில் காத்திருக்கிறார்.