பென்சிலுக்கு அடங்காத கை

அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர் நான். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, கணினி என்று மாநிலம் முழுக்கப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவன். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, தொடக்கச் சம்பளம் 5,000 ரூபாய். சம்பளக் கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்று சொல்ல வந்தது எங்கள் பள்ளிப் பையன் ஒருவனைப் பற்றி. சரியாகச் சொன்னால், அவனை நான் ஒரு வருஷம் தப்பாகக் கணித்து வைத்திருந்ததைப் பற்றி.

ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தபோதே அவன் பென்சில் பிடிப்பது மண்வெட்டி பிடிப்பது மாதிரி இருக்கும். அழுத்துகிற அழுத்தில் அடுத்த மூன்று பக்கங்களுக்குத் தடம் இறங்கியிருக்கும். தப்பாகிவிட்டால் ரப்பரால் தேய்த்துத் தாளை ஓட்டையாக்கிவிடுவான். ஒரு மாங்காய் வரைவதற்குள் நான்கு முறை முனை உடையும். கடைசியில் நோட்டை மூடி வைத்துவிட்டு, “எனக்கு வராது சார்” என்பான். நானும் வருஷக் கடைசியில் சிவப்பு மையில் ‘முயற்சி தேவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் முயற்சி செய்யாத நாளே கிடையாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் பக்கமும் ஒரு காரணம் உண்டு. நாங்கள் எல்லாம் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் (அளவுகோல் இல்லாமல் வெறும் கையால் கோட்டுருவம் வரைவது) லோயர், ஹையர் என்று இரண்டு நிலைகளும் எழுதி வந்தவர்கள். நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் குடத்துக்கு என்ன வளைவோ அதே வளைவு வலப்பக்கமும் அச்சு அசலாக வர வேண்டும். அப்படியே பழகிவிட்ட கண்ணுக்கு, கோடு நன்றாக வந்தால் படம் வரும், கோடு வராவிட்டால் ஒன்றுமே வராது. பிள்ளைகளையும் அந்தத் தராசில்தான் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

அவன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள், காளஹஸ்தி கலம்காரி ஓவியர்கள் துணியில் முதல் கோட்டைக் கரித்த புளியங்குச்சியால்தான் போடுவார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அடுத்த வகுப்புக்கு இவன் சட்டைப்பையில் கரித்துண்டோடு வந்து நிற்கிறான். இஸ்திரி வண்டியில் வாங்கி வந்திருக்கிறான். அந்தக் கரி வரையத் தோதுப்படாது. கெட்டி மரத்துக் கரி, தாளில் கீச்சென்று கீறுமே தவிர, மை மாதிரி இறங்காது. முகம் வாடிப்போனான். சரி, நாமே சுட்டுப் பார்ப்போம் என்றேன்.

அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பென்சில் பருமனில் காய்ந்த குச்சிகளைப் பட்டை உரித்து, ஒரு பழைய பால்பவுடர் டின்னுக்குள் நெருக்கமாக அடுக்க வேண்டும். மூடியை இறுக மூடி, அதில் ஆணியால் ஒரே ஒரு சின்ன ஓட்டை. அப்புறம் டின்னை நெருப்பில் வைத்துவிடலாம். முதலில் அந்த ஓட்டை வழியாக வெள்ளைப் புகை வரும். புகை நின்றுவிட்டால் குச்சிக்குள் இருந்தது எல்லாம் வெளியேறி, கரி மட்டும் மிச்சம் என்று அர்த்தம். பிறகுதான் பொறுமைக்கு வேலை. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சி பற்றிக்கொள்ளும், கையில் சாம்பல்தான் மிஞ்சும். முதல் டின்னை நான்தான் அவசரப்பட்டுத் திறந்து கெடுத்தேன். (நெருப்பு வேலையை நானே செய்தேன், பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்துத்தான். வீட்டில் செய்பவர்களும் அப்படியே செய்யுங்கள்.)

அந்தக் குச்சியை அவன் கையில் கொடுத்ததும் கோடு போடுவான் என்று எதிர்பார்த்தேன். படுக்கை வாட்டில் வைத்து, சார்ட் பேப்பர் முழுக்க இழுத்துக் கறுப்பாக்கிவிட்டான். உள்ளங்கையால் வேறு தேய்த்தான். போயிற்று, ஒரு தாள் வீண் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, தாளில் பட்ட கரியை ரப்பர் மாதிரி ஒற்றி அழிக்க நான் கொடுத்திருந்த பிரெட் துண்டை உருட்டி, அந்தக் கறுப்பில் ஒரு வளைவாக ஒற்றி எடுத்தான். அப்புறம் மேலே இரண்டு சின்னக் கீற்று. அதற்குக் கீழே ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

“என்னடா இது?”

“ராத்திரி கட்டிப் போட்டிருக்கிற ஆடு சார். தெருலைட் முதுகுல மட்டும்தான் படும்.”

முதுகு, கொம்பு, கண். ஒரு அவுட்லைன் கிடையாது. ஆனால் ஆடு அங்கே இருந்தது. ஒரு வருஷமாகத் தாளைக் கிழித்துக்கொண்டிருந்த அந்தக் கனத்த கை, அந்தக் கறுப்பில் கனமாகவே தெரியவில்லை. பென்சில் வேலை விரல் நுனியில் நடப்பது. கரிக்கு முழங்கையும் தோளும் சேர்ந்து வேலை செய்யும். தாளைச் சுவரில் ஒட்டி நின்றுகொண்டு வரையச் சொன்னால் இன்னும் நன்றாகத் தெரியும். விரல் நுனியில் பிடிமானம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வயதில் வந்துவிடாது. அது வரும்வரை ‘வராது’ என்று முத்திரை குத்திவிட்டுத்தான் நம் ஓவிய வகுப்புகள் நடக்கின்றன. (பிரெட் பாக்கெட்டில் பாதியைப் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள், அது தனி.)

சரி, வழி கிடைத்துவிட்டது, இனி எல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்தேன். அடுத்த மாதம் வாட்டர் கலரில் அவன் மண்ணைக் கவ்வினான். பாதிக் குற்றம் தாளுடையது. ஜெராக்ஸ் எடுக்கிற 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம் எடை) மெல்லிய தாளில் தண்ணீர் பட்டால் அப்பளம் மாதிரி எழும்பும், பள்ளத்தில் எல்லாம் கலர் தேங்கும். வாட்டர் கலருக்கென்று விற்கிற 300 ஜிஎஸ்எம் தாள் எங்கள் பள்ளிக்குக் கட்டுப்படியாகாது. மீதிப் பாதிதான் எனக்குச் சுவாரசியம். வாட்டர் கலரில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். வெளிச்சம் எங்கே வரப்போகிறது என்று முதலிலேயே முடிவுசெய்து, அந்த இடத்தைத் தொடாமல் விட்டு, வெளிர் நிறத்திலிருந்து அடர்த்திக்குப் போக வேண்டும். இவன் மண்டை அதற்கு நேர் எதிர்த் திசையில் வேலை செய்கிறது. முதலில் இருட்டைப் போட்டுவிட்டு, அதிலிருந்து வெளிச்சத்தைப் பிடுங்கி எடுப்பவன். மூன்று வாரம் சேற்று நிறத்தில் மூன்று வானம் வரைந்தான்.

போஸ்டர் கலர் கொடுத்த அன்று பிரச்சினை தீர்ந்தது. அது அடியில் இருப்பதை மறைக்கிற வண்ணம். கறுப்பு நீலத்தைப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் மஞ்சளை வைக்கலாம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் பிரஷ், தண்ணீர், கலர்தான். உள்ளே யோசிக்கிற வரிசை தலைகீழ். ஒரு பிள்ளை வாட்டர் கலரில் சொதப்பினால் வண்ணமே வராது என்று சொல்லிவிடாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

களிமண்ணில் நடந்தது வேறு கதை. ஏரி மண்ணைக் கொண்டுவந்து, கல் பொறுக்கி, கொஞ்சம் மணல் சேர்த்து மிதித்தோம். மணல் சேர்க்காவிட்டால் காயும்போது வெடிப்பு அதிகம் விடும். இவன் எருமை செய்தான். உடம்பை முதலில் பிடித்துவிட்டு அதற்குக் காலை ஒட்டினான், பத்து நிமிஷத்தில் எருமை உட்கார்ந்துவிட்டது. மறுபடியும் செய்தான், மறுபடியும் உட்கார்ந்தது. மூன்றாவது முறை, ஊர் எல்லையில் இருக்கும் ஐயனார் குதிரையைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். மண் சிலை செய்கிற வேளார்கள் அந்தக் குதிரைக்குக் காலைத்தான் முதலில் செய்வார்கள். உள்ளே கூடான நான்கு தூண்கள், அவை கொஞ்சம் இறுகிய பிறகுதான் மேலே உடம்பு ஏறும். போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் ஒன்றும் பேசாமல் நான்கு குட்டைக் கால்களைச் செய்து ஒரு மணிநேரம் காயவிட்டான். ஒட்டுகிற இடத்தில் கீறல் போட்டுச் சேற்றுக்குழம்பு தடவினான். எருமை நின்றது. பிறகு ஆசையில் வெயிலில் வைத்து வயிற்றில் விரிசல் வாங்கிக்கொண்டான். நிழலில் காயவிட வேண்டும் என்று சொல்ல மறந்தது என் தப்பு.

பென்சில், கரி, வண்ணம், மண் என்று ஊடகம் மாறுவது தோல்வி மாதிரியும், ஒன்றில் நிலைக்காமல் தாவுவது மாதிரியும் சில பெற்றோருக்குத் தோன்றுகிறது. சென்னை ஓவியக் கல்லூரியில் ஓவியராகத் தொடங்கிய எஸ். தனபால்தான் பிறகு நமக்குச் சிற்பியானார். இலக்கியப் பத்திரிகை படிப்பவர்களுக்கு ஓவியர் ஆதிமூலத்தைத் தெரிந்திருக்கும். காந்தி நூற்றாண்டான 1969-ல் கறுப்புக் கோடுகளிலேயே காந்தியை விதவிதமாக வரைந்தவர், பின்னாளில் கோட்டை விட்டுவிட்டு எண்ணெய் வண்ணத்தில் வெறும் நிறங்களாகக் கரைந்தார். கை எதைத் தேடுகிறதோ அதன் பின்னால் போனவர்கள். நம் பிள்ளைக்கு 48 கலர் ஸ்கெட்ச் செட் ஒன்றை வாங்கிக் கொடுத்து, அச்சடித்த படத்தில் கோட்டைத் தாண்டாமல் அடி என்கிறோம்.

அந்தப் பணத்துக்கு வேறு வாங்கலாம். போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று நான்கு பாட்டில். மெல்லியது ஒன்றும் பட்டையானது ஒன்றுமாக இரண்டு பிரஷ். ஒரு ஆயில் பேஸ்டல் (எண்ணெய்ப் பசையுள்ள கலர்க் குச்சி) பெட்டி. மெழுகுவத்தித் துண்டு வீட்டிலேயே இருக்கும். அதால் தாளில் கிறுக்கிவிட்டு மேலே தண்ணீர்க் கலரைத் தடவினால் மெழுகு பட்ட இடம் வெள்ளையாக நிற்கும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி அச்சு வையுங்கள். இதில் எதுவாவது ஒன்றை உங்கள் பிள்ளை விடாமல் பிடித்துக்கொள்ளும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

இத்தனையும் சொன்ன நான் பயமுறுத்தவும் கொஞ்சம் செய்ய வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கையை நேராக விட்டு அச்சு எடுக்கவே கூடாது. இறுகும்போது அது சூடாகும், மொத்தமாகக் கலந்தால் 60 டிகிரி செல்சியஸ் வரை போகும். இறுகிவிட்டால் கையை உருவ முடியாது. 2007-ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் பள்ளி ஓவிய வகுப்பில் 16 வயது மாணவி ஒருத்தி தன் கைகளை அச்செடுக்கப் போய், தீக்காயத்தில் விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். சாதாரண வகுப்பறை, சாதாரண வாளி. நம் ஊரில் பிள்ளையார் செய்யவும் பாத அச்சு எடுக்கவும் இந்தப் பவுடரை எவ்வளவு சாதாரணமாகக் கலக்குகிறோம் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்தது எனாமல் பெயிண்ட். பானையில் படம் வரைய வீட்டுப் பரணிலிருந்து பழைய பெயிண்ட் டின்னை எடுத்து அனுப்பாதீர்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பரணில் இருப்பது அதற்கு முந்தையதா என்று யாருக்குத் தெரியும்? பெயிண்டை நீர்க்க வைக்கிற தின்னரும் வகுப்பறைக்கு வேண்டாம். கரித்தூளை வாயால் ஊதக் கூடாது, தாளை வெளியே கொண்டுபோய்த் தட்ட வேண்டும். வீசிங் இருக்கிற பிள்ளை இருந்தால் அன்று எல்லோருக்கும் ஆயில் பேஸ்டல் கொடுத்துவிடுவேன். களிமண் தொட்டால் அருவருத்து அழுகிற பிள்ளைகளும் உண்டு. அடம் என்று நினைத்துக் கையை மண்ணுக்குள் திணிக்காதீர்கள். மண்ணைப் பாலிதீன் பையில் போட்டுக் கொடுங்கள், வெளியிலிருந்து பிசையட்டும்.

அந்தப் பையன் இப்போது எட்டாம் வகுப்பு. போன வாரம் பென்சிலால் ஒரு எருமை வரைந்தான். இன்னமும் அழுத்துகிறான், இன்னமும் முனை உடைகிறது. ஆனால் கால் நான்கும் உடம்பைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. கண்காட்சிக்கு எது வைக்கலாம் என்றால், ஆட்டைத்தான் வைக்க வேண்டும் என்கிறான்.

அவன் அம்மா ஒருநாள் பள்ளிக்கே வந்துவிட்டார். “ஏன் சார், வெள்ளைச் சட்டை இப்படிக் கரியா வருது, எந்த சோப்பு போட்டாலும் போக மாட்டேங்குது.” இதே கேள்வி மற்ற அம்மாக்களுக்கும் இருக்கும். கரி பட்ட துணியை உடனே நனைக்கக் கூடாது. காய்ந்தபடியே நன்றாக உதறி, தட்டி, தூள் போன பிறகுதான் தண்ணீர். ஆயில் பேஸ்டல் பட்டால் ஸ்பூனால் சுரண்டிவிட்டுப் பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தேய்த்து ஊற வையுங்கள். இந்தியன் இங்க் பட்டுவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, அந்தச் சட்டையை எங்கள் வகுப்புக்கே கொடுத்துவிடுங்கள்.