நிலக்கரியைப் பக்குவப்படுத்துவது வயதா, சூடா?

"நிலக்கரி பழையதாக இருந்தால் தரமும் கூடுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பல இடங்களில் அப்படித்தான் தெரியும். ஆனால் மாஸ்கோ படுகையில் 30 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கரி இன்னமும் லிக்னைட் என்ற தரம் குறைந்த பழுப்பு நிலக்கரியாகவே கிடக்கிறது. அது ஆழத்தில் புதையவே இல்லை, அதனால் போதிய சூடும் கிடைக்கவில்லை.

சதுப்பு நிலத்துச் செடிகள் மட்கிப் பீட் ஆவதும், நிலம் அமிழ அமிழ அதன்மேல் மணலும் களிமண்ணும் மூடுவதும் பள்ளிப் பாடத்திலேயே உண்டு. ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பம் சராசரியாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடும். அழுத்தம் நீரைப் பிழிந்து கரியை இறுக்கும். வேதிமாற்றத்தைச் செய்வது பெரும்பாலும் சூடுதான். முதலில் ஆக்சிஜன், நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறும். அப்புறம் ஹைட்ரஜன், மீத்தேனாகப் போகும். மிஞ்சிய கார்பன் வளையங்கள் ஒன்றோடொன்று கோத்து, தாள் தாளாக அடுக்கிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அடுக்கு சீராகச் சீராகக் கரியின் பளபளப்பு கூடும். மரத்திசுவிலிருந்து வந்த விட்ரினைட் என்ற பகுதியை மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்து, விழுந்த ஒளியில் எத்தனை சதவீதம் திரும்புகிறது என்று அளப்பார்கள். லிக்னைட்டில் அது அரை சதவீதத்துக்கும் குறைவு. மிக உயர்ந்த தரக் கரியான ஆந்த்ரசைட்டில் 2 சதவீதத்தைத் தாண்டும். பாறை பிற்பாடு மேலெழுந்து குளிர்ந்தாலும் இந்த அளவு இறங்காது. அந்தக் கரி கண்ட உச்ச வெப்பம் அதிலேயே பதிந்துவிடுகிறது.

சரி, பாறை அடுக்குகள் மடிந்துபோன இடத்தில்? ஒரே பளபளப்புள்ள புள்ளிகளைக் கோடிட்டு இணைத்துப் பாருங்கள். கோடும் அடுக்கோடு சேர்ந்து வளைந்திருந்தால், கரி முதலில் வெந்தது, நிலம் பிறகு மடிந்தது. மடிப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால், சூடு பின்னால் வந்தது. ஜெர்மனியின் ரூர் பகுதியில் பெரும்பாலும் முதல் வகைதான். ஒரு மலைத்தொடரின் வரலாற்றையே நகக்கண் அளவு கரித்துண்டுகளிலிருந்து படிக்க முடிகிறது! துளையிட்டு எடுத்த பாறை மாதிரிகளைப் பாதுகாக்கும் கிடங்குகளுக்கு அரசுகள் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். தூக்கி எறிந்த மாதிரிக்காக மறுபடி துளையிடுவது பெருஞ்செலவு.

ஆழம் இல்லாமலும் சூடு வரலாம். ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஜாரியா நிலக்கரி வயலில் உருகிய பாறைக்குழம்பு கரி அடுக்குகளுக்குள் புகுந்து, தொட்ட இடத்தைக் கல்கரியாகவே (கோக்) மாற்றிவிட்டது. அங்கே அதை ஜாமா என்பார்கள். குழம்பு புகுந்த இடத்திலிருந்து தள்ளிப் போகப் போகப் பளபளப்பு குறைந்துகொண்டே வந்து, சிறிது தூரத்தில் வழக்கமான கரி தொடங்கிவிடும்.