லூபஸுக்கு எதற்கு எதிர்ப்பு சக்திப் பொடி?

போன வாரம் ஏற்காட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். வயது 23, காபித் தோட்ட வேலை. மூன்று வருடமாக லூபஸுக்கு என்னிடம்தான் சிகிச்சை. கணுக்காலை அழுத்தினேன், விரல் பதிந்த குழி மேலெழும்பவே இல்லை. சிறுநீரில் ஏகப்பட்ட புரதம், லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். நான்கு மாதமாக மாத்திரை போடவில்லையாம். கூட வந்த தாயார் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எதிர்ப்பு சக்தி இல்லாததால்தான் இந்த நோய் என்றார்கள், டாக்டர்." உள்ளே அளவுக் கரண்டி வேறு. இந்த வருடம் நான் பார்க்கும் ஐந்தாவது டப்பா.

அம்மா, லூபஸ் எதிர்ப்பு சக்தி குறைந்து வருகிற நோய் அல்ல. இருக்கிற சக்தி ஆள் தெரியாமல் வீட்டுக்காரரையே, அதாவது நம் உடம்பையே, அடிக்கிற நோய். அப்படிப் பாய்கிற செல்களை "இது நம் ஆள், விடு" என்று இழுத்துப் பிடிக்கவே ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. லூபஸில் பலருக்கு இவை குறைந்துபோகின்றன, அல்லது இருந்தும் வேலை செய்வதில்லை. இவை பிழைத்திருக்கத் தேவையான இன்டர்லூக்கின்-2 என்ற புரதம் போதிய அளவு சுரப்பதும் இல்லை. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் பஸ்ஸுக்கு பிரேக் பிடிக்கவில்லை என்றால் ஆக்சிலேட்டரையா மிதிப்பீர்கள்? பொடி எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்பது பொய்யானால் காசு தண்டம். மெய்யானால் இன்னும் மோசம்.

ஓர் உதாரணம்: மாட்டுத் தீவனமான குதிரைமசாலை ஆல்ஃபால்ஃபா என்று பெயர் மாற்றிச் சத்துப்பொருளாக விற்கிறார்கள். அதன் முளைகளைத் தின்ற குரங்குகளுக்கு லூபஸ் போன்ற நோய் வந்தது 1980களிலேயே தெரிந்த செய்தி.

இந்த டி செல்கள் பற்றிய கண்டுபிடிப்புக்காக 2025இல் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள். அதிலிருந்து சேலத்தில் படித்தவர்கள், "அந்தச் செல்லைக் கூட்ட ஊசி இருக்கிறதாமே?" என்கிறார்கள். லூபஸுக்குக் குறைந்த அளவு இன்டர்லூக்கின்-2 கொடுத்துப் பார்ப்பது ஆய்வில் இருக்கிறது. மருந்துக் கடையில் இல்லை.

கடையில் இருப்பது ஹைட்ராக்சிகுளோரோகுயின். "மலேரியா மாத்திரை எனக்கு எதற்கு" என்று நிறுத்தாதீர்கள். உடம்பு தேறியபின்னும் அது தேவை. அது சிலருக்கு விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் வருடாந்தரக் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டீராய்டை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சிறுநீர் நுரைத்தால் அன்றே வாருங்கள். மலையில் குளிராக இருக்கிறதே என்று முக்காடில்லாமல் நிற்காதீர்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் லூபஸைக் கிளப்பிவிடும்; உயரம் கூடக்கூட அந்தக் கதிரும் கூடும், மூடுபனி அதை முழுதாகத் தடுக்காது.

பொடி வாங்கித் தருகிற சித்தி, மாமாக்களே, கெஞ்சிக் கேட்கிறேன்: அந்தக் காசுக்கு அந்தப் பெண்ணுக்கு நல்ல குடை ஒன்று வாங்கிக் கொடுங்கள்.