கொத்தக் கொத்த ஏன் முளைக்கிறது?

செங்கோட்டைக்கு மேற்கே புளியரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "வைகாசியில் தோட்டம் முழுக்கக் கொத்திச் சுத்தம் செய்தேன். சாரல் பிடித்து, ஆடி பிறப்பதற்குள் இடுப்பு உயரத்துக்கு மறுபடி நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி அமாவாசையில் கொத்தச் சொல்கிறார். பலன் இருக்குமா?" கூடவே மூன்று படங்கள்.

முதல் படம் முள்ளுக்கீரை. இலை தண்டோடு சேரும் கணுவில் இரண்டு முள் நிற்கும். தண்டுக்கீரையில் அது கிடையாது. இரண்டாவது நாய்வேளை: மஞ்சள் பூ, பிசுபிசுக்கும் தண்டு. பூ வெள்ளையாக இருந்தால் நல்வேளை, இளந்தழையைச் சமைக்கலாம். மூன்றாவது துத்தி. இதய வடிவ இலை, பற்சக்கரம் போலக் காய். அதன் விதைக்குத் தோல் கெட்டி. அது இளகும்வரை மண்ணில் கிடக்கும்.

முள்ளுக்கீரை விஷயம் வேறு. முற்றிய கதிரை உள்ளங்கையில் தேய்த்து ஊதுங்கள். உமி பறந்து, எள்ளைவிடச் சின்னதாய்க் கறுத்த விதைகள் பளபளக்கும். ஒரு நல்ல செடியில் லட்சத்துக்கு மேல்கூட இருக்கும். இத்தனை சின்ன விதை ஆழத்தில் முளைத்தால் வெளியே வருமுன் கையிருப்பு தீர்ந்துவிடும். அதனால், மண்ணின் மேற்பரப்பில் இருக்கிறோமா என்று முதலில் அதற்குத் தெரிய வேண்டும். கண் இல்லாத விதை அதை எப்படிப் பார்க்கிறது?

ஃபைட்டோகுரோம் என்ற நிறமியால். சிவப்பு ஒளி பட்டால் அது 'முளை' என்ற நிலைக்குத் திரும்பும். தொலைசிவப்பு, அதாவது சிவப்புக்கும் அப்பால் நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒளி, பட்டால் 'உறங்கு' என்ற நிலைக்கு. 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் லெட்டூஸ் விதைகளுக்கு இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். எத்தனை முறை காட்டினாலும், கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதன்படியே விதை நடந்தது! பச்சை இலை சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விடும். ஆக, தலைக்கு மேல் வேறு செடி நிற்கிறதா என்பதுகூட விதைக்குத் தெரிந்துவிடுகிறது. நாள்பட மண்ணில் புதைந்த சில களை விதைகளுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேர வெயிலே போதும். மண்வெட்டி மண்ணைப் புரட்டும்போது அந்த வெயில் கிடைத்துவிடுகிறது.

அதனால் அமாவாசைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அன்றும் பகலில்தானே கொத்துவோம்?

1879இல் மிச்சிகனில் பீல் என்ற தாவரவியலாளர் 20 பாட்டில்களில் விதைகளைப் புதைத்துவைத்தார். 2021இல் ஒன்றைத் தோண்டினார்கள், வெளிச்சம் படாமலிருக்க இருட்டிலேயே. 142 வருஷம் கழித்தும் சில முளைத்தன. நம் செம்மண்ணில் எந்த விதை எத்தனை வருஷம் உறங்கும் என்று பார்க்க இப்படி ஒரு குழியும் பொறுமையும் போதும். அடுத்த வருஷமே பலன் கேட்காமல் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். கொத்த வேண்டாம். சாரலில் மண் நெகிழ்ந்திருக்கும்போது, கதிர் முற்றுமுன் வேரோடு பிடுங்குங்கள். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாமல் மூன்று அங்குலத்துக்குத் தென்னை ஓலை, சருகு போட்டு மூடுங்கள். ஒரு பாத்தியில் மட்டும் பாதியைக் கொத்தி, பாதியை மூடிவைத்து, ஐப்பசி மழைக்கு அப்புறம் இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.