ஏற்பி இருந்தும் மருந்து ஏன் வேலை செய்வதில்லை?

“பயாப்சி ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர். பாசிட்டிவ் என்று இருக்கிறது. அதைத் தடுக்கும் செடுக்ஸிமாப் மருந்தும் இருக்கிறது. பிறகு ஏன் டாக்டர் வேண்டாம் என்கிறார்?” பெருங்குடல் புற்றுநோயாளிகளின் வீட்டார் கேட்கும் நியாயமான கேள்வி. நிபுணர்களுக்கே இதன் விடை பிடிபடச் சில ஆண்டுகள் ஆனது.

இ.ஜி.எஃப்.ஆர். என்பது செல்லின் சவ்வைத் துளைத்து நின்று, வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கி உள்ளே அனுப்பும் ஏற்பிப் புரதம். அதன் அழகு வெளிப்பகுதியில் இருக்கிறது. அங்கே நான்கு துண்டங்கள். சும்மா இருக்கும்போது இரண்டாம் துண்டத்திலிருந்து நீளும் ஒரு ‘கை’ மடங்கி, நான்காம் துண்டத்தில் கோத்துக் கிடக்கும். 53 அமினோ அமிலங்களே கொண்ட இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி வந்து முதல் துண்டத்தையும் மூன்றாம் துண்டத்தையும் ஒருசேரப் பிடித்து இழுத்ததும், அந்தக் கை விடுபட்டு நிமிர்கிறது. பக்கத்து ஏற்பியின் கையைப் பற்றிக்கொள்கிறது. இரண்டு ஏற்பிகளை ஒட்டுவது வளர்ச்சிக் காரணிதான் என்று நினைக்கத் தோன்றும். புரதத்தைப் படிகமாக்கிப் பார்த்து 2002-இல் வெளியிட்ட அமைப்புகளில் அது நடுவில் இல்லவே இல்லை, வெளிப்பக்கத்தில் ஒதுங்கியிருந்தது! உள்ளேயும் ஒரு விசித்திரம்: இரண்டு ஏற்பிகளின் கைனேஸ்களும் (பாஸ்பேட்டை ஒட்டும் நொதிப் பகுதிகள்) சமமாக நிற்பதில்லை. ஒன்று மற்றொன்றை முட்டித் தள்ளுகிறது, தள்ளப்பட்டதுதான் விழிக்கிறது. விழித்தது வால்பகுதி டைரோசின்களில் பாஸ்பேட்டைச் சேர்க்க, ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற புரதங்கள் வழியாக ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி இறங்கி, செல் பிளவுபடுகிறது.

செடுக்ஸிமாப் மூன்றாம் துண்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். வளர்ச்சிக் காரணிக்கு இடமில்லை, கையும் நிமிராது. அப்படியானால் ஏற்பி அதிகமுள்ள கட்டியில் மருந்து நன்றாகக் கேட்க வேண்டும் அல்லவா? பிப்ரவரி 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் தந்தபோதும், திசுவில் ஏற்பிக்குச் சாயமேற்றிப் பார்க்கும் சோதனையில் ஏற்பி தெரிந்த கட்டிகளுக்கு என்றே தந்தார்கள். ஆனால் அதே ஆண்டு வெளியான ஆய்வில் சாயத்தின் அடர்த்திக்கும் கட்டி சுருங்குவதற்கும் தொடர்பில்லை. சாயமே ஏறாத கட்டிகள் சிலவும் சுருங்கின என்று 2005-இல் தெரியவந்தது.

காரணம் கீழே, ராஸில் இருந்தது. ராஸ் என்ற சுவிட்ச் அணைய வேண்டுமானால், துணைப்புரதம் ஒன்று தன் ஆர்ஜினின் ‘விரலை’ அதற்குள் நுழைக்க வேண்டும். ராஸ் வகைகளில் ஒன்றான கே-ராஸின் 12-ஆவது இடத்திலுள்ள கிளைசின் என்ற அமினோ அமிலம் மிகச் சிறியது என்பதால் விரலுக்கு இடம் கிடைக்கிறது. அங்கே அஸ்பார்டிக் அமிலமோ வேலினோ வந்தால் விரல் நுழையாது, ராஸ் அணையாது. உள்ளே ஒயர் ஷார்ட்டான அழைப்புமணியின் பொத்தானுக்கு டேப் ஒட்டி என்ன பயன்? ஏறத்தாழ 40% பெருங்குடல் புற்றுகளில் கே-ராஸ் மியூட்டேஷன் (மரபணு மாற்றம்) உண்டு. அந்த நோயாளிகளுக்குச் செடுக்ஸிமாப் பலன் தரவில்லை என்று 2008-இல் உறுதியானது. மிஞ்சியது தோல் தடிப்பும் மெக்னீசியக் குறைவும்தான். இன்று கே-ராஸ், என்-ராஸ் இரண்டையும் பார்க்காமல் இந்த மருந்தைத் தொடங்கக் கூடாது.

ஏற்பியை அளப்பதே வீண் என்று சொல்லவரவில்லை. இதன் உறவான ஹெர்-2 ஏற்பிக்குக் கை எப்போதும் நிமிர்ந்தே இருக்கும். அதற்கென்று வளர்ச்சிக் காரணி எதுவும் தேவையில்லை. எண்ணிக்கை பெருகினாலே செய்தி ஓடத் தொடங்கிவிடும். அங்கே சாயத்தின் அடர்த்திக்குப் பொருள் உண்டு. பரவிய பெருங்குடல் புற்றில் சுமார் 3% பேருக்கே இது பெருகியிருக்கும். ஆனாலும் ராஸ் இயல்பாக இருந்தால் ஹெர்-2-ஐத் தடுக்கும் டுகாடினிப், ட்ராஸ்டுசுமாப் ஜோடியைத் தரலாம் என்று அமெரிக்கா 2023-இல் அனுமதித்தது. ‘புதிய ஏற்பி, புதிய பயோமார்க்கர் (நோய் அடையாளம்)’ என்று வரும் கட்டுரைகளில் பல, எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுவதோடு நின்றுவிடுகின்றன. அதற்குக் கீழே செய்தி எங்கே ஓடுகிறது என்று பார்க்காத ஆய்வுக்கு நிதி தருவதில் எனக்கு உடன்பாடில்லை.

மியூட்டேஷனைப் பார்க்கவும் திசு கெடாமல் இருக்க வேண்டும். ஆகவே அந்தப் பணத்தில் கொஞ்சம், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்துக்குப் போகலாம். வெட்டியெடுத்த குடலைத் திறக்காமல் அப்படியே போட்டால் உள்பகுதி அழுகும். ஃபார்மலின் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் ஊடுருவும். பஃபர் (அமிலமேறாமல் காக்கும் உப்புகள்) சேர்த்த 10% ஃபார்மலின், திசுவைப்போல் பத்து மடங்கு, 6 முதல் 72 மணி நேரம் வேண்டும். பஃபர் இல்லாவிட்டால் அமிலமேறி டி.என்.ஏ. துண்டுதுண்டாகும். பிளாக்கில் (மெழுகில் பதித்த திசுவில்) கட்டிச் செல்கள் 20% மட்டுமே இருந்தால், இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்று மாறியிருக்கும் மியூட்டேஷன் மொத்த டி.என்.ஏ.வில் 10%தான். டி.என்.ஏ.வின் எழுத்துகளைப் படிக்கும் பழைய சாங்கர் முறை அதைத் தவறவிட்டு ‘நார்மல்’ என்றே எழுதும். ஆகவே ரிப்போர்ட்டில் ‘மியூட்டேஷன் இல்லை’ என்ற வரிக்கு முன்பு, கட்டிச் செல்களின் விகிதமும் சோதனை முறையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.