‘லாஸ்லெஸ்’ இசையும் ‘டிஆர்எம்’ பூட்டும்: சொல் விளக்கம்

இணையத்தில் பாட்டைக் காசு கொடுத்து வாங்கப் போனால் இரண்டு சொற்கள் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று லாஸ்லெஸ், இன்னொன்று டிஆர்எம் ஃப்ரீ. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், உயர்ந்த தரம் என்பதைத்தான் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. முதல் சொல் ஒலியைப் பற்றியது. அடுத்தது, வாங்கிய கோப்பை வைத்துக்கொண்டு நீங்கள் என்னவெல்லாம் செய்யலாம் என்பதைப் பற்றியது. துளியும் குறையாத ஒலி பூட்டுக்குள் கிடக்கலாம்; பெரும்பகுதி கழிக்கப்பட்ட ஒலி பூட்டே இல்லாமலும் கிடைக்கலாம்.

லாஸ் என்றால் இழப்பு, லெஸ் என்றால் இல்லாத. மின்பொறியியலில் ஆற்றலை வீணாக்காத கம்பித்தடத்தை லாஸ்லெஸ் என்பார்கள், வீணாக்குவது லாஸி. கணினிக்காரர்கள் இதே சோடியைத் தரவுச் சுருக்கத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். சுருக்கியதை விரித்தால் பழையபடி ஒரு பிட்டும் மாறாமல் வந்தால் லாஸ்லெஸ், வராவிட்டால் லாஸி.

சுருக்க வேண்டிய தேவை ஏன் வந்தது? 1982இல் சோனியும் பிலிப்ஸும் சந்தைக்குக் கொண்டுவந்த சிடியில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடம். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 53 மெகாபைட். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்துகொண்டிருந்த நாளில் இதை யார் இறக்குவது? ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். பலத்த ஓசைக்கு அருகில் ஒலிக்கும் மெல்லிய ஓசை நம் காதில் விழாது. விழாததை எதற்குச் சேமிக்க வேண்டும் என்று கழித்துவிட்டார்கள். 1995 ஜூலையில் அந்தக் கோப்புக்கு எம்பி3 என்று பெயர் வைத்தார்கள். நொடிக்கு 128 கிலோபிட் அளவில் அதே பாட்டு 5 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் கழித்தது திரும்ப வராது.

ஃப்ளாக்கின் வழி வேறு. ஜோஷ் கோல்சன் உருவாக்கி 2001இல் முதல் முழுப் பதிப்பை வெளியிட்ட இந்த வடிவம் எதையும் கழிப்பதில்லை. முந்தைய அளவுகளை வைத்து அடுத்தது என்னவாக இருக்கும் என்று ஊகிக்கிறது. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள சிறிய வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது. பாட்டை இயக்கும்போது அதே ஊகத்தைச் செய்து வித்தியாசத்தைக் கூட்டினால் மூல ஒலி அப்படியே வந்துவிடும். பெரும்பாலும் சிடி அளவில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை இடம் பிடிக்கும். ஆப்பிளின் ஏலாக்கும் இதே குடும்பம்தான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினாலும் ஒலி கெடாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? இழப்பற்ற, இழப்பில்லா என்ற இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. எனக்கு இழப்பில்லா என்பதே பிடிக்கும். பேச்சுக்கு அருகில் இருக்கிறது. எழுதும்போது ஒற்றெழுத்தைக் கவனிக்க வேண்டும்: இழப்பில்லாச் சுருக்கம், ஆனால் இழப்பில்லாத சுருக்கம். லாஸிக்கு இழப்புள்ள என்றால் போதும். நட்டமில்லாத என்று யாராவது எழுதினால் அது கணக்குப்பிள்ளையின் பேச்சு, ஒலிக்கு ஒட்டாது.

சிக்கல் கம்ப்ரெஷன் என்ற சொல்லில்தான். குறுக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் நம் இலக்கணத்தில் குறுக்கம் என்றால் ஒலியின் மாத்திரை குறைவது. மகரக் குறுக்கத்தில் அரை மாத்திரை கால் மாத்திரையாகிவிடுகிறது. அதாவது, குறுக்கம் பிறவியிலேயே இழப்புள்ளது! எம்பி3க்கு வேண்டுமானால் அழகாகப் பொருந்தும். ஃப்ளாக்குக்குச் சுருக்கம் என்பதே மேல். கதைச்சுருக்கத்திலும் இழப்பு உண்டே என்று கேட்கலாம். அதனால்தான் முன்னால் இழப்பில்லா என்ற அடை தேவைப்படுகிறது. வீட்டில் யாருக்காவது விளக்க வேண்டியிருந்தால் நகைக்கடைப் பேச்சு கைகொடுக்கும்: எம்பி3இல் சேதாரம் உண்டு, ஃப்ளாக்கில் சேதாரம் இல்லை.

எதிலிருந்து இழப்பில்லை என்பதையும் கேட்டுவிட வேண்டும். எம்பி3 கோப்பை ஃப்ளாக்காக மாற்றினால் அதுவும் முறைப்படி இழப்பில்லாக் கோப்புதான். ஏற்கெனவே தேய்ந்ததை மேலும் தேயாமல் வைத்திருக்கும், அவ்வளவே. இப்படிப்பட்டவை விற்பனைக்கும் வருவதுண்டு. ஒலியின் அதிர்வெண்களைப் படமாக வரையும் ஸ்பெக்ட்ரோகிராம் மென்பொருளில் திறந்து பாருங்கள். 128 கிலோபிட் எம்பி3 வழியாக வந்த பாட்டு பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும். ஃப்ளாக் கோப்புக்குள் மூல ஒலியின் எம்டி5 சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கும். இறக்கும்போது கோப்பு சிதைந்ததா என்று அது சொல்லும். மூல ஒலி எங்கிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியாது.

இனி டிஆர்எம். விரித்தால் டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட். நேராகப் பெயர்த்தால் எண்ணிம உரிமை மேலாண்மை. கேட்க ஏதோ அரசுத் துறையின் பெயர்போல் இருக்கிறது. யாருடைய உரிமை என்பதும் தெரிவதில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தச் சொல்லை ஏற்காமல், ரைட்ஸ் இருந்த இடத்தில் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்று போட்டு எழுதுவார். உரிமை அல்ல, கட்டுப்பாடு என்பது அவர் வாதம்.

இதோடு சேர்த்துக் குழப்பப்படும் இன்னொரு சொல் காப்பி புரொடெக்‌ஷன். நகல் பாதுகாப்பு என்று எழுதினால், குழந்தைப் பாதுகாப்பு குழந்தையைக் காப்பதுபோல, இதுவும் நகலைக் காப்பதாகப் பொருள்படும். நடப்பது நேர் எதிர். நோய்த் தடுப்பு என்பதுபோல நகல் தடுப்பு என்பதே சரி. நகல் அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல். தமிழில் படி என்ற நல்ல சொல் இருக்கிறது. ஓலைச்சுவடிகளைப் பார்த்து எழுதுவதைப் படி எடுத்தல் என்றுதான் சொன்னார்கள். ஆனால் படித்தடை என்று எழுதிப் பாருங்கள், படித்து அடை என்று யாரோ அறிவுரை சொல்வதுபோல் இருக்கும். ஆகவே நகல் தடுப்பே இருக்கட்டும்.

நகல் தடுப்புக்குச் சரியான எடுத்துக்காட்டு 2000க்குப் பின் வந்த சில சிடிகள். கணினியைக் குழப்பும் தரவை வட்டின் வெளியோரத்தில் எழுதினார்கள். 2002இல், அந்த ஓரத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசினால் தடை செயலிழப்பது தெரியவந்தது. 2005இல் சோனி பிஎம்ஜி இசை நிறுவனம் ஒருபடி மேலே போனது: வட்டைக் கணினியில் போட்டதும் தன்னை மறைத்துக்கொள்ளும் ரூட்கிட் மென்பொருள் உள்ளே போய் உட்கார்ந்தது. கணினி வல்லுநர் மார்க் ருசினோவிச் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டதும், நிறுவனம் வட்டுகளைத் திரும்பப் பெற வேண்டிவந்தது.

டிஆர்எம் வேலை செய்யும் விதம் வேறு. கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். திறப்பதற்கு உரிய சாவியைக் கடையின் சர்வர் தரும். நகல் எடுக்கலாம், ஆனால் சாவி இல்லாத கணினியில் பாடாது. இதற்கு நான் உரிமப் பூட்டு என்று சொல்லலாம் என்பேன். உரிமை வேறு, உரிமம் வேறு. ஓட்டுநர் உரிமம் அரசு கொடுப்பது, பறிக்கவும் கூடியது. பூட்டுப் போட்ட பாட்டில் நாம் வாங்குவதும் அந்த வகைதான்.

அதன் விளைவு 2008இல் தெரிந்தது. மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்என் மியூசிக் கடை, ஆகஸ்ட் 31க்குப் பிறகு புதுக் கணினிகளுக்குச் சாவி தர இயலாது என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் 2011 வரை நீட்டித்தது. இந்தியாவில் ஃபிளிப்கார்ட் 2012இல் ஃபிளைட் என்ற பாட்டுக் கடையைத் தொடங்கி அடுத்த ஆண்டே மூடியது. அங்கே விற்றவை பூட்டில்லாத எம்பி3. இழப்புள்ளவைதான், ஆனால் அன்று இறக்கி வைத்தவர்களிடம் இன்றும் பாடும்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள சட்டம் ஒன்று, உரிமம் மட்டுமே விற்கும் கடை அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் போடக் கூடாது என்கிறது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய கோப்புகளுக்கு அதில் விலக்கு உண்டு.

இன்றைய கடைகளை இந்த இரண்டு அளவுகோலாலும் பாருங்கள். ஆப்பிள் மியூசிக் 2021 முதல் இழப்பில்லா ஒலி தருகிறது, ஆனால் பூட்டுக்குள். சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். அதே நிறுவனத்தின் ஐடியூன்ஸ் கடையில் விற்கும் பாட்டுகளுக்கு 2009 முதல் பூட்டு இல்லை. ஆனால் 256 கிலோபிட், இழப்புள்ளது. பூட்டில்லை என்பதால் அடையாளமும் இல்லை என்று நினைக்க வேண்டாம், வாங்கியவரின் பெயர் கோப்புக்குள் இருக்கும். இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் பேண்ட்கேம்ப் போன்ற இடங்களில் ஃப்ளாக் கோப்பாகவே வாங்கலாம். வாங்கியதும் இறக்கி, வேறொரு வட்டிலும் ஒன்று போட்டு வையுங்கள்.

பூட்டை உடைப்பது பற்றி: இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பத் தடையை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் வைக்கிறது. நோக்கம் என்ற சொல் அங்கே முக்கியம். அமெரிக்காவின் 1998 சட்டம் இதைவிடக் கடுமையானது.

பழைய ஐடியூன்ஸ் பூட்டுக் கோப்புகள் கையில் இருந்தால் உடைக்காமலே ஒரு வழி உண்டு. சிடியாக எரிக்க ஆப்பிளே அனுமதித்திருந்தது. அந்தச் சிடியிலிருந்து ஃப்ளாக்காக எடுத்துக்கொள்ளலாம். பூட்டு போய்விடும், 128 கிலோபிட் ஒலி மட்டும் அப்படியேதான் இருக்கும். பூட்டை எடுத்த பிறகு ஆப்பிள், பாட்டுக்கு 30 சென்ட் வாங்கிக்கொண்டு 256 கிலோபிட் கோப்பாக மாற்றிக் கொடுத்தது.